உயிர் கொடுக்கும் சுண்ணாம்பு! உயிர் குடிக்கும் சுண்ணாம்பு!

உங்கள் கையை நெஞ்சின் மீது வையுங்கள்.

"லப் டப், லப் டப்" என்று இருதயம் துடிப்பது தெரிகிறதா?

நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 தடவை. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லட்சம் தடவை. நீங்கள் தூங்கினாலும் அது தூங்குவது இல்லை.

ஒவ்வொரு துடிப்பின் போதும், இருதயத்தின் தசையைப் பார்த்து, "சுருங்கு" என்று கட்டளை இடுவது எது தெரியுமா?

சுண்ணாம்புச் சத்து!

வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்பில் இருக்கும் அதே சத்து தான். டாக்டர்கள் இதைக் கால்சியம் என்று சொல்வார்கள்.

"சுண்ணாம்புச் சத்து எலும்புக்கும் பல்லுக்கும் தானே வேண்டும்?" என்று கேட்பீர்கள்.

உண்மை தான். வளர்ந்த மனிதனின் உடலில் ஏறத்தாழ 1 கிலோ சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதை 100 பங்கு ஆக்கினால், 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது.

மீதி 1 பங்கு? அது ரத்தத்திலும் உயிரணுக்களிலும் இருக்கிறது.

இந்த ஒரு பங்கு தான் பெரிய வேலைக்காரன். அளவோடு இருந்தால் உயிரணுவை வாழ வைப்பான். அளவு மீறினால் கொன்று விடுவான்!

அது எப்படி?

தவளையின் இருதயம்

லண்டன் நகரில் சிட்னி ரிங்கர் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவருக்கு ஆராய்ச்சியில் ஆசை அதிகம்.

ஒரு தவளையின் இருதயத்தை வெளியே எடுத்தார். உப்புக் கரைத்த தண்ணீரைச் செலுத்தி, அது எவ்வளவு நேரம் துடிக்கிறது என்று பார்த்தார். இருதயம் நன்றாகத் துடித்தது. 1882-ம் ஆண்டில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

பிறகு தான் அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தது. ஆராய்ச்சிக்குக் காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீர் வைப்பது வழக்கம். ஆனால் அவருக்குத் தரப்பட்டது, லண்டன் நகரின் குழாய்த் தண்ணீர்!

ரிங்கர் மீண்டும் ஆராய்ந்தார். இந்தத் தடவை காய்ச்சி வடித்த தண்ணீரில் உப்பைக் கரைத்தார்.

துடிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு நின்று விட்டது.

குழாய்த் தண்ணீரில் அப்படி என்ன இருந்தது? அதில் சிறிது சுண்ணாம்புச் சத்து கலந்து இருந்தது. அந்தச் சத்தைக் கொஞ்சம் சேர்த்தார். இருதயம் மறுபடியும் துடித்தது!

1883-ல் இதை உலகத்துக்குச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பாட்டில் பாட்டிலாக மருந்துத் தண்ணீர் ஏற்றுகிறார்கள் அல்லவா? அதில் ஒன்றின் பெயர் "ரிங்கர் லாக்டேட்." அந்த ரிங்கர், இந்த ரிங்கர் தான்.

சக்தி நிலையம்

தசை சுருங்குவதற்குக் கட்டளை மட்டும் போதுமா? சக்தி வேண்டாமா?

வீடு செங்கல்லால் கட்டப்படுவது போல, நம் உடல் கோடிக் கணக்கான உயிரணுக்களால் ஆனது. உயிரணு கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சின்ன உயிரணுவுக்குள் அதைவிடச் சின்னப் பொருள்கள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்று தான் மைட்டோகாண்ட்ரியா.

1898-ல் கார்ல் பெண்டா என்ற ஜெர்மன் விஞ்ஞானி இந்தப் பெயரை வைத்தார். கிரேக்க மொழியில் "மைட்டோஸ்" என்றால் நூல். "காண்ட்ரோஸ்" என்றால் மணி. பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்தபோது, அவை நூல் போலவும் மணி போலவும் தெரிந்தன. அதனால் அந்தப் பெயர்.

இவற்றின் வேலை என்ன? 1948-ல் அமெரிக்காவில் சிகாகோ நகரில், யூஜின் கென்னடி, ஆல்பர்ட் லெனிஞ்சர் என்ற இருவர் இதற்கு விடை கண்டார்கள்.

நாம் சாப்பிடும் சோறும், சுவாசிக்கும் பிராணவாயுவும் கடைசியில் போய்ச் சேரும் இடம் மைட்டோகாண்ட்ரியா. அங்கே தான் சோறு சக்தியாக மாறுகிறது.

ஊருக்கு ஒரு மின்சார நிலையம் இருக்கும். ஆனால் ஒரே உயிரணுவுக்குள் நூற்றுக் கணக்கான சக்தி நிலையங்கள்! சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல்! ஓய்வே இல்லாத இருதயத் தசையில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடத்தை இவையே அடைத்துக் கொண்டு இருக்கின்றன.

இரண்டு கட்டளை

நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து இருக்கிறீர்கள். பஸ் புறப்படும் சத்தம் கேட்கிறது. எழுந்து ஓடுகிறீர்கள்.

அடுத்த நொடியே தசைக்குப் பல மடங்கு சக்தி வேண்டும். "வேலை கூடி விட்டது, உற்பத்தியைக் கூட்டு" என்று மைட்டோகாண்ட்ரியாவுக்கு யார் சொல்வது?

அதே சுண்ணாம்புச் சத்து!

தசையைச் "சுருங்கு" என்கிறது. அதே நேரத்தில் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் நுழைகிறது. அங்கே உள்ள சில நொதிகளைத் தட்டி எழுப்புகிறது. உடனே சக்தி உற்பத்தி வேகம் பிடிக்கிறது.

வேலை வாங்குவதும் அதுவே. வேலைக்கு வேண்டிய சக்தியைத் தயார் செய்யச் சொல்வதும் அதுவே. எவ்வளவு நல்ல ஏற்பாடு!

விடாத சந்தேகம்

இது எளிதில் தெரிந்து விடவில்லை.

1961-ல் அமெரிக்க விஞ்ஞானிகள், எலியின் சிறுநீரகத்தில் இருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்து எடுத்தார்கள். அதன் அருகே சுண்ணாம்புச் சத்தை வைத்தார்கள். அது தண்ணீரைக் கண்ட மணல் போல உறிஞ்சிக் கொண்டது.

ஆனால் ஒரு சந்தேகம் வந்தது. உயிரணுவுக்கு வெளியே சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கிறது. உள்ளே மிகவும் குறைவு. வெளியே இருப்பதில் 10 ஆயிரத்தில் ஒரு பங்கு தான்! இவ்வளவு குறைவாக இருந்தால் மைட்டோகாண்ட்ரியா எப்படி உறிஞ்சும்?

"சோதனைக் குழாயில் நடப்பது, உயிருள்ள உடலில் நடக்காது" என்று பலர் சொன்னார்கள். உள்ளே எட்டிப் பார்க்கவும் வழி இல்லை.

வழி காட்டியது ஒரு மீன்!

தொட்டியில் நீல ஒளி

அதை மீன் என்று சொல்வது பெயருக்குத் தான். கடலில் மிதக்கும் ஜெல்லி மீன் அது. நம் கடற்கரைகளில் சொறி மீன் என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஒளி விடும் ஜெல்லி மீன் ஒன்று உண்டு.

அந்த ஒளி எப்படி வருகிறது என்று அறிய, ஜப்பான் நாட்டு விஞ்ஞானி ஒசாமு ஷிமோமுரா அங்கே போனார். 1961-ம் ஆண்டு கோடை காலம். ஆயிரக் கணக்கான ஜெல்லி மீன்களைப் பிடித்தார். சாறு எடுத்தார். ஒளியின் ரகசியம் பிடிபடவில்லை.

ஒரு படகை எடுத்துக் கொண்டு கடலுக்குள் போவார். தன்னந்தனியாக உட்கார்ந்து யோசிப்பார்.

ஒரு நாள் சோதனை முடிந்தது. மிச்சம் இருந்த சாற்றைக் கை கழுவும் தொட்டியில் கொட்டினார்.

பளிச்! தொட்டிக்குள் நீல ஒளி!

ஷிமோமுரா திகைத்துப் போனார். தொட்டியில் என்ன இருந்தது? மீன் வளர்க்கும் பெட்டியில் இருந்து வழிந்த கடல் தண்ணீர் இருந்தது. கடல் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து உண்டு. அது பட்டதும் சாறு ஒளி விட்டது!

லண்டனில் குழாய்த் தண்ணீர். இங்கே தொட்டித் தண்ணீர். இரண்டு தடவையும் எதிர்பாராமல் அகப்பட்டது ஒரே சத்து.

ஒளி விடும் அந்தப் புரதத்துக்கு "ஈக்குவோரின்" என்று பெயர். பின்னால் வந்த பல கோடைகளில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கூட வலை எடுத்துக் கொண்டு ஜெல்லி மீன் பிடித்தார்கள். அதே ஜெல்லி மீனில் அவர் கண்டு பிடித்த இன்னொரு புரதத்துக்காக, 2008-ல் ஷிமோமுராவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இத்தாலியில் பதுவா என்ற ஊர் இருக்கிறது. அங்கே ரோசாரியோ ரிசுட்டோவும் அவருடைய தோழர்களும் ஒரு தந்திரம் செய்தார்கள். ஈக்குவோரின் புரதத்தை, உயிருள்ள உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே தோன்றும்படி செய்தார்கள்.

1992-ல் விடை கிடைத்தது. உயிரணுவைத் தூண்டியதும் மைட்டோகாண்ட்ரியாவில் ஒளி எழுந்தது. சுண்ணாம்புச் சத்து உள்ளே போகிறது! சில நொடியிலேயே போகிறது!

பழைய சந்தேகமும் தீர்ந்தது. உயிரணுவுக்குள் சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்து வைக்கும் கிடங்கு ஒன்று இருக்கிறது. நெல் கிடங்கை ஒட்டி அரிசி ஆலை இருப்பது போல, அந்தக் கிடங்கை ஒட்டியே மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. கிடங்கு திறந்ததும், அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்புச் சத்து குவியும். அதைத் தான் மைட்டோகாண்ட்ரியா எடுத்துக் கொள்கிறது.

மதகும் காவலும்

உள்ளே போகிறது என்றால் வாசல் வேண்டும். அந்த வாசல் எது?

இதைக் கண்டு பிடிக்க 50 ஆண்டுகள் ஆயின!

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் வம்சி மூத்தா என்ற விஞ்ஞானி இருக்கிறார். இந்திய வம்சத்தைச் சேர்ந்தவர். அவருடைய குழு, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சுமார் 1,100 புரதங்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்தது. பிறகு ஒரு யுக்தி செய்தது.

மனிதனின் மைட்டோகாண்ட்ரியா இந்த வாசல் வழியே சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சும். ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியாவில் அந்த வாசல் இல்லை. அப்படியானால், மனிதனிடம் இருந்து ஈஸ்ட்டிடம் இல்லாத புரதத்தைத் தேடினால் போதும் அல்லவா?

2010-ல் ஒரு புரதம் அகப்பட்டது. அது வாசல் அல்ல. வாசலில் நிற்கும் காவல்காரன்!

2011-ல் வாசலே அகப்பட்டது. பாஸ்டனில் மூத்தாவின் குழுவும், பதுவாவில் ரிசுட்டோவின் குழுவும் தனித் தனியே அதைக் கண்டு பிடித்தன.

வயலுக்குத் தண்ணீர் விடும் மதகை நினைத்துக் கொள்ளுங்கள். வாசல் தான் மதகு. காவல்காரன் அதைச் சும்மா திறக்க விட மாட்டான். சுண்ணாம்புச் சத்து நிறைய வந்து நின்றால் தான் திறப்பான். மிச்சத்தை வெளியே விட வேறு ஒரு வடிகாலும் உண்டு.

காவல்காரன் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

அந்தக் குறையுடன் பிறந்த குழந்தைகள் இருக்கிறார்கள். 2014-ல் டாக்டர்கள் இதைக் கண்டு சொன்னார்கள். அவர்களுக்குத் தசையில் பலம் இல்லை. மாடிப்படி ஏறுவது கஷ்டம். படிப்பு ஏறுவதும் கஷ்டம். சிலருக்குக் கை கால்கள் தாமாகவே அசைந்தன. காவல் இல்லாத மதகு, ஓயாமல் கசிந்து கொண்டே இருந்தது தான் காரணம்.

தாய், தந்தை இருவரிடம் இருந்தும் பழுது வந்து சேர்ந்தால் தான் இந்த நோய் வரும். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தால், இப்படிப்பட்ட நோய்கள் வருவதற்கு வாய்ப்பு அதிகம். இது மிகவும் அபூர்வமான நோய். ஆனால் "பிள்ளை சோம்பேறி" என்று பெற்றோர் நினைப்பது, சில சமயம் நோயாகவும் இருக்கலாம்.

வெள்ளம் வந்தால்...

மதகு வழியே அளவாகத் தண்ணீர் வந்தால் பயிர் விளையும். கரை உடைந்து வெள்ளம் வந்தால்? பயிர் அழுகும்.

மாரடைப்பின் போது நடப்பது அது தான்.

இருதயத்துக்கு ரத்தம் கொண்டு வரும் குழாய் அடைபடுகிறது. பிராணவாயு வரவில்லை. சக்தி நிலையங்கள் நிற்கின்றன. உயிரணுவில், சுண்ணாம்புச் சத்தை வெளியே இறைக்கும் பம்புகள் இருக்கின்றன. சக்தி இல்லாமல் அவையும் ஓய்ந்து விடுகின்றன. சுண்ணாம்புச் சத்து உள்ளே ஏறுகிறது.

டாக்டர் அடைப்பை நீக்குகிறார். ரத்தம் பாய்கிறது. மைட்டோகாண்ட்ரியா விழித்துக் கொள்கிறது. விழித்ததும் எதிரே சுண்ணாம்பு வெள்ளம்! அதை வாரி வாரி உள்ளே இழுக்கிறது. தாங்க முடியவில்லை. அதன் சுவரில் ஓட்டை திறந்து கொள்கிறது. சக்தி நிலையமே வீங்கி உடைகிறது. உயிரணு சாகிறது.

ரத்தம் இல்லாமல் சில உயிரணுக்கள் சாகின்றன. ரத்தம் திரும்பி வந்த பிறகும் சில சாகின்றன. என்ன கொடுமை!

இதனால் அடைப்பை நீக்கக் கூடாது என்று நினைத்து விடாதீர்கள். நீக்காவிட்டால் சேதம் மிகவும் அதிகம். நேரம் ஆக ஆகச் சேதம் கூடிக் கொண்டே போகும்.

மூளையில் ரத்தக் குழாய் அடைபட்டுப் பக்கவாதம் வரும்போதும், நரம்பு அணுக்களில் இதே வெள்ளம் தான் புகுகிறது.

மருந்து உண்டா?

மதகை அடைத்து விட்டால் இருதயத்தைக் காப்பாற்றலாமே?

விஞ்ஞானிகளும் அப்படித் தான் நினைத்தார்கள். பிறவியிலேயே இந்த வாசல் இல்லாத எலிகளை உண்டாக்கினார்கள். 2013-ல் முடிவு தெரிந்தது. எலிகள் உயிரோடு தான் இருந்தன. ஆனால் கடுமையான வேலை செய்யப் பலம் குறைவு. இருதயமும் தப்பவில்லை! வாசல் இல்லாமலே வளர்ந்த உடல், வேறு வழிகளைத் தேடிக் கொண்டது போலும்.

2015-ல் வேறு விதமாகச் செய்தார்கள். வளர்ந்த எலியின் இருதயத்தில் மட்டும் வாசலை நீக்கினார்கள். இந்தத் தடவை சேதம் குறைந்தது. ஆனால் எலி பயந்து ஓடும் நிலை வந்தபோது, இருதயத்தால் உடனே வேகம் பிடிக்க முடியவில்லை.

பார்த்தீர்களா? வாசல் திறந்தே இருந்தாலும் ஆபத்து. மூடியே இருந்தாலும் குறை.

மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் ஓட்டை திறப்பதைத் தடுக்க, "சைக்ளோஸ்போரின்" என்ற மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் பிரான்சில் 58 மாரடைப்பு நோயாளிகளிடம் சோதித்தபோது பலன் தெரிந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். 2015-ல் சுமார் 970 பேரிடம் சோதித்தார்கள். பலன் இல்லை!

எலியிடம் பலிப்பது எல்லாம் மனிதனிடம் பலித்து விடாது. சிலரிடம் பலிப்பது பலரிடம் பலித்து விடாது. அதனால் தான் டாக்டர்கள் அவசரப்படாமல் சோதிக்கிறார்கள். ஆராய்ச்சி தொடர்ந்து நடக்கிறது.

மாத்திரை விழுங்கலாமா?

"கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் இருதயம் பலப்படுமா? சாப்பிடாவிட்டால் வெள்ளம் வராமல் இருக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம்.

இரண்டும் இல்லை.

ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை, கழுத்தில் இருக்கும் 4 சின்னச் சுரப்பிகள் கவனித்துக் கொள்கின்றன. குறைந்தால் எலும்பில் இருந்து எடுத்துக் கொடுக்கும். எலும்பு தான் பாங்கி!

பாங்கியில் இருந்து எடுத்துக் கொண்டே இருந்தால் கணக்குத் தீர்ந்து விடும் அல்லவா? அதனால் உணவில் சுண்ணாம்புச் சத்து வேண்டும். பால், தயிர், கேழ்வரகு, கீரை, முள்ளோடு தின்னும் சிறு மீன் இவற்றில் அது நிறைய இருக்கிறது. மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். நாமாக வாங்கி விழுங்க வேண்டாம்.

நடங்கள்!

நாம் செய்யக் கூடியது ஒன்று உண்டு.

1967-ல் அமெரிக்காவில் ஜான் ஹாலோசி என்ற விஞ்ஞானி, எலிகளைத் தினமும் ஓட விட்டார். சில வாரங்களுக்குப் பிறகு தசையைச் சோதித்தார். மைட்டோகாண்ட்ரியாவின் திறமை ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகி இருந்தது!

மனிதனுக்கும் இது பொருந்தும். தசை சுருங்கும் போதெல்லாம் எழும் சுண்ணாம்புச் சத்து, "இன்னும் சில சக்தி நிலையங்களைக் கட்டு" என்றும் செய்தி அனுப்புகிறது. நடந்தால், உழைத்தால், சக்தி நிலையங்கள் பெருகும். சும்மா உட்கார்ந்தே இருந்தால் குறையும். காசு செலவு இல்லாத மருந்து இது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம்.

நெஞ்சில் பாரம் வைத்தது போல வலிக்கிறதா? வலி இடது கைக்கும் தாடைக்கும் பரவுகிறதா? வியர்த்துக் கொட்டுகிறதா? "வாயு" என்று சொல்லி, இஞ்சிச் சாறு குடித்து விட்டுப் படுத்து விடாதீர்கள். "விடிந்ததும் பார்க்கலாம்" என்று இராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உயிரணுவுக்குள் வெள்ளம் ஏறிக் கொண்டு இருக்கும் நேரம் அது. அதைத் தடுக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் சீக்கிரம் போனால், பிழைக்கும் உயிரணுக்கள் அதிகம். பிழைக்கும் மனிதர்களும் அதிகம்!